ஜே இஸட் இஸட் பி என்றால் தண்ணி

பல வருடமாக ஹாரிகாவின் காதில் தண்ணி என்ற சொல் ‘ஜே இஸட் இஸட் பி’ என்றே விழுந்துகொண்டிருந்தது. கிணறு, ‘எஃப் பி இஸட் டபிள்யூ’. ஆடு என்றால் ‘எம் எல்’. கரண்ட் மட்டும் ஏதோ ஒரு சொல் போலக் கேட்கும், ‘ஃபஸ் எல்’.

பீளமேட்டில் விவசாய மோட்டார் செய்யும் கம்பெனி ஒன்றில் அவளுக்குப் புகார் மேசை. காலையில் ஹெட்போனை மாட்டினால் பொள்ளாச்சி, சூலூர், அன்னூர் பக்கத்துத் தோட்டங்களெல்லாம் வரிசையாகப் பேசும். மோட்டார் தண்ணி எடுப்பதில்லை. ஸ்டார்ட்டர் நிற்பதில்லை. காயில் கம்பி கருகின வாசம் அடிக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டே கணினியில் தமிழில் அடிப்பாள். பிரிண்டர் சீட்டுத் துப்பும். மெக்கானிக் ஒருவர் சீட்டைக் கிழித்துக்கொண்டு வண்டியை உதைப்பார்.

அவளுக்குக் கண் தெரியாது. பிறவியில் வந்ததல்ல. கல்லூரி முடிக்கும்போது இருட்டில் தட்டுத்தடுமாறினாள். பிறகு பார்வை ஓரங்களிலிருந்து மூடிக்கொண்டே வந்து ஒரு பொட்டாகி, அதுவும் போனது. அதற்கு முன்பே ஹோப் காலேஜ் ஸ்டாப் பக்கம் ஒரு டிடிபி கடையில் தமிழ் தட்டச்சு பழகியிருந்தாள். கண் போன பிறகும் விரல் மறக்கவில்லை. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளைக் கற்றுக்கொண்டாள். வேலை கிடைத்தது.

கம்பெனியில் இருந்தது பழைய காலத் தமிழ் எழுத்துரு. உள்ளே இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்து. மேலுக்குத்தான் தமிழ் உருவம். கண்ணுள்ளவர்களுக்கு அது தமிழ். படித்துச் சொல்லும் குரலுக்கோ உள்ளே இருப்பதுதான் தெரியும். அவள் ‘தண்ணி’ என்று அடித்தால் அது ஜே இஸட் இஸட் பி என்று திருப்பிச் சொன்னது. முதல் வாரம் அவளுக்குத் தலை சுற்றியது. அப்புறம் எதை அடித்தால் எது கேட்கிறது என்று காது படித்துக்கொண்டது. வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், காலேஜில் இங்கிலீஷ். இது நாலாவது பாஷை. உலகத்தில் இதைக் காதால் புரிந்துகொள்கிறவள் தான் ஒருத்திதான் என்று ஒரு நாள் தோன்றியபோது, தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

குரலை மிக வேகமாக ஓடவிட்டிருந்தாள். பக்கத்து மேசை ரித்திகா அதற்குப் பெயரே வைத்துவிட்டாள்.

“அக்கா, உங்க கொசு இன்னைக்கு ரொம்பக் கத்துது.”

“உனக்குக் கொசு. எனக்குச் சோறு, கண்ணு.”

போன தீபாவளிக்கு முந்தின வாரம் ஆபீஸ் கணினிகள் எல்லாவற்றிலும் வைரஸ் புகுந்து ஃபைல்களைப் பூட்டிவிட்டது. எல்லாமே திருட்டுக் காப்பி விண்டோஸ். அப்டேட் பார்த்தே வருடக்கணக்காகியிருந்தது. முதலாளி நரசிம்மலு எல்லோரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார். உக்கடத்திலிருந்து புதிதாகச் சேர்ந்திருந்த ரைஹானும் நின்றான். கணினிகளைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை.

“எல்லா மெஷினும் விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு மாறுது. அது இலவசம். இனிச் சீட்டு பிரிண்ட் கிடையாது. புகார் நேரா மெக்கானிக் போனுக்குப் போயிரும்” என்றார் நரசிம்மலு. பிறகு குரலைத் தணித்தார். “ஹாரிகா அம்மணி, உங்களுக்கு மட்டும் வேற யோசனை. அந்தப் பழைய மெஷினையே நெட்டு இல்லாம வெச்சுக்கோங்க. நீங்க அடிக்கறதை ரித்திகா பார்த்துப் புதுசுல ஏத்திக்குவா. இல்லாட்டி நீங்க போனை மட்டும் எடுங்க, அவளே அடிச்சுக்கட்டும்.”

“காசு குடுத்து வாங்குன விண்டோஸ் ஒண்ணு போட முடியாதுங்களா, சார்?”

“காசு குடுத்த விண்டோஸ்லயும் எல்லாம் நடக்கும்க்கா” என்றான் ரைஹான். “நானும் சார்கிட்டச் சொன்னேன்.”

“ஒருத்தருக்கு ஒண்ணு, இன்னொருத்தருக்கு ஒண்ணுன்னா நாளைக்கு அக்கவுண்ட்ஸ்காரரும் வந்து நிப்பாருங்க” என்றார் நரசிம்மலு. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவர் சொன்ன இரண்டும் ஒன்றுதான் என்று ஹாரிகாவுக்குப் பட்டது. அவள் சொல்வதை இன்னொருத்தி அடிப்பது. அல்லது அவள் அடிப்பதை இன்னொருத்தி மறுபடி அடிப்பது. ஒரு வேலைக்கு இரண்டு பேர். அடுத்த வருடம் கணக்குப் பார்க்கும்போது எந்த நாற்காலியை எடுப்பார்கள் என்று யோசிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

“நான் லினக்ஸே பழகிக்கறேனுங்க” என்றாள்.

வீட்டில் அம்மா லட்சுமியம்மாள் தெலுங்கில் தொடங்கித் தமிழில் கேட்டாள், “கொத்ததியா? புதுசா? ஏனம்மா, நல்லா இருக்கறதை விட்டுப்போட்டு?”

“இருக்கறது இருக்காதுமா. அதான்.”

ரைஹான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான். லினக்ஸிலும் திரையைப் படிக்கும் மென்பொருள் இருந்தது. அவளுக்கு ஆச்சரியம், குரல் அதே குரல். மூக்கடைத்த மாதிரி அதே தட்டை. தமிழ் மட்டும் இப்போது நிஜத் தமிழ். அவன் அவளுடைய பழைய விரல் வரிசையையே அமைத்திருந்தான். விரல் எதையும் புதிதாகப் படிக்க வேண்டாம். ‘தண்ணி’ என்று அடித்தாள். குரல் தண்ணி என்றது. அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

“ஏன்க்கா, தப்பா?”

“இல்ல. இத்தனை வருசத்துல இது தண்ணின்னு சொல்லி இன்னைக்குத்தான் கேக்கறேன்.”

ஆனால் பயம் போகவில்லை. பயிற்சியின் மூன்றாவது மதியம் குரல் திடீரென்று நின்றுபோனது. ஒரு விசையை அழுத்தினாள். ஒன்றுமில்லை. இன்னொன்றை அழுத்தினாள். ஒன்றுமில்லை. திரை அணைந்துவிட்டதா, எழுத்து இருக்கிறதா, தான் எதையாவது அழித்துக்கொண்டிருக்கிறாளா, எதுவும் தெரியவில்லை. கண்ணுள்ளவர்களுக்குக் கரண்ட் போனால் இருட்டு. அவளுக்குச் சத்தம் போனால்தான் இருட்டு. ரித்திகாவைக் கூப்பிட வாயெடுத்து, மூடிக்கொண்டாள். ரைஹான் வந்து பார்த்தான். புது மானிட்டரின் ஒயரைச் செருகியதும் சத்தம் அந்தப் பக்கம் போய்விட்டதாம். அந்த மானிட்டருக்கோ ஸ்பீக்கரே கிடையாது.

“பழைய மெஷின்ல இப்படி ஆனதில்ல” என்றாள். குரல் கடுமையாக வந்தது.

“ஆயிருக்கும்க்கா. அப்ப அதைச் சரி பண்ண உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இதுலயும் தெரிஞ்சுக்கலாம்.”

குரல் இல்லாமலே சத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் கட்டளையைச் சொல்லிக்கொடுத்தான். அவனை வேண்டுமென்றே சத்தத்தை நிறுத்தச் சொல்லி, திரும்பத் திரும்ப அடித்துப் பழகினாள். அதற்குப் பிறகு அந்த மௌனம் கொஞ்சம் சின்னதாயிற்று. எல்லாம் வந்துவிட்டது என்று நினைத்தாள்.

ஒன்று வரவில்லை. அது இருவருக்குமே தெரியவில்லை. மெஷின் புதிதாகக் கிளம்பும்போது விசைப்பலகை இங்கிலீஷில் நிற்கும். இரண்டு விசையைச் சேர்த்து அழுத்தினால்தான் தமிழுக்கு மாறும். ஒவ்வொரு மதியமும் ரைஹான் முன்னாலேயே வந்து மெஷினைப் போட்டு, தமிழுக்கு மாற்றி வைத்துவிட்டுத்தான் அவளைக் கூப்பிட்டான். அவளுக்கு வசதியாக இருக்கட்டும் என்று செய்ததுதான். மாற்றும் விசையை அவளுக்குச் சொல்லியும் இருந்தான். சொல்லியிருந்தானே தவிர, அவள் விரல் அதை ஒரு தரமும் தேட வேண்டி வரவில்லை.

புதிய ஏற்பாடு தொடங்கிய திங்கட்கிழமை காலை ஆபீஸில் கரண்ட் போய் வந்தது. யுபிஎஸ் தாங்கவில்லை. மெஷின்கள் அணைந்து, கரண்ட் வந்ததும் மறுபடி கிளம்பின. அவளுடைய மெஷினும் பேசியது. கடவுச்சொல் கேட்டது, கொடுத்தாள். புகார்ப் பக்கம் திறந்தது. முதல் போன் அன்னூரிலிருந்து. அடித்தாள். குரல் வேகமாகத் திருப்பிச் சொன்னது. சரி. அடுத்தது. சரி. விரல் ஓடியது, குரல் ஓடியது, காது தலையாட்டிக்கொண்டே போனது. ரித்திகா தன் மேசையிலிருந்தே, “கொசு புது வீட்டுக்கு வந்துருச்சு” என்றாள்.

மூன்றாவதோ நாலாவதோ வந்த போன், நெகமம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து. ஒரு பெண் குரல். காற்று இரைந்தது.

“ஏனுங்க, மோட்டார் கம்பெனிங்களா? நான் ராசாத்தாள் பேசறனுங்க. தண்ணி போற பைப்பைத் தொட்டா சுருக்குனு பிடிக்குதுங்க.”

ஹாரிகா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “கரண்ட் அடிக்குதுங்களா?”

“ஆமாங்க. வாளியைத் தூக்கப்போயி கை மரத்துப்போச்சுங்க.”

“பைப்பாண்ட யாரும் போகாதீங்க. ஈரக்காலோட மோட்டார் ரூம்புக்குப் போயிராதீங்க. ஊட்டுல ஆம்பளைங்க யாரும் இருக்காங்களா?”

“அவரு பொள்ளாச்சிச் சந்தைக்குப் போயிட்டாருங்க. நானும் ஆடுங்களும்தான்.”

“ஆட்டையெல்லாம் தள்ளிக் கட்டுங்க, அம்மணி. ஆள் இப்ப வாரார்.”

அடித்தாள். பைப்பில் கரண்ட் அடிக்கிறது, பெண் மட்டும் தனியாக, உடனே போகவும். குரல் எழுத்துகளை உதறிக்கொண்டே போனது. நடுவில் ‘ஃபஸ் எல்’ கேட்டது. கரண்ட். சரி. அவசரம் என்ற கட்டத்தில் குறி வைத்து அனுப்பினாள். அந்தப் பகுதிக்கு மெக்கானிக் தமிழ்வேந்தன். அவன் போன் இப்போது மணியடித்திருக்கும். அடுத்த போனை எடுத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அதே காற்றின் இரைச்சல்.

“ஏனுங்க, இன்னும் ஆளைக் காணமுங்க. தொட்டிப் பக்கம் தண்ணி தேங்கிக் கிடக்குதுங்க. ஒரு குட்டி கயித்தை அறுத்துக்கிட்டு ஓடுதுங்க.”

“நீங்க பின்னால போகாதீங்க. நில்லுங்க. நான் இப்பவே கேக்கறேன்.”

தமிழ்வேந்தனை அழைத்தாள். பின்னால் லாரி ஹாரன் கேட்டது.

“சொல்லுங்க்கா.”

“நெகமம் போய்ச் சேந்தாச்சா?”

“நெகமமா? நான் கிணத்துக்கடவுல டீ குடிச்சுட்டு இருக்கேன். காலைல இருந்து ஒரு வேலையும் வரலீங்களே.”

“அவசரம்னு போட்டு அனுப்பினேன், தமிழ்வேந்தா.”

“மணி அடிச்சுதுங்க்கா. பார்த்தா கோழி கிளறுன மாதிரி இங்கிலீஷ் எழுத்து. ரைஹான் போன வாரம் பூராம் டெஸ்ட் மெசேஜ் அனுப்பினாப்லல்ல, அதாட்டம்னு விட்டுப்போட்டேன்.”

“என்ன எழுத்து? படி.”

“படிக்கற மாதிரியா இருக்குது? எஃப், யூ, இஸட்டு, எல்லு...”

எஃப், யூ, இஸட், எல். ஃபஸ் எல். கரண்ட். காலையிலிருந்து அந்தக் குரல் ஒரு தமிழ்ச் சொல்லும் சொல்லவில்லை. விசைப்பலகை இங்கிலீஷில் நின்றிருக்கிறது. விரல் பழைய வரிசையில் ஓடியிருக்கிறது. குரல் பழைய எழுத்துகளைச் சொல்லியிருக்கிறது. காது அதைத் தண்ணி என்றும் கரண்ட் என்றும் மாற்றிக்கொண்டு, சரி, சரி என்று சொல்லிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் முதல் சொல்லிலேயே இது என்ன கண்றாவி என்று நிறுத்தியிருப்பார்கள்.

“டீயைக் கீழ வை. நெகமம், ராசாத்தாள் தோட்டம். பைப்புல கரண்ட் அடிக்குது. அந்தம்மா தனியா இருக்குது. நம்பர் சொல்றேன், பேசிக்கிட்டே போ. போ, சாமி.”

வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அவள் ராசாத்தாளை மறுபடி அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். ரித்திகா என்னவென்று கேட்டதற்குக் கையை மட்டும் காட்டினாள். இன்னொரு போன் வந்தது, எடுக்கவில்லை. ஹெட்போனில் மணி மட்டும் நீண்டு நீண்டு அறுந்தது.

கடைசியில் தமிழ்வேந்தன்தான் கூப்பிட்டான். மூச்சு வாங்கியது.

“கம்பத்துல ஃபியூஸைப் பிடுங்கிப்போட்டேன்க்கா.”

“அந்தம்மா?”

“ஒண்ணும் இல்ல. நல்லா இருக்காங்க. போனை எங்கியோ போட்டுட்டு வரப்புல உக்காந்து அழுதுட்டு இருந்தாங்க. குட்டி தொட்டியாண்ட போயிருச்சு. நான் வரும்போது செத்துக் கிடந்துது.”

ஹாரிகா ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“நீங்க பின்னால போகாதீங்கன்னு சொன்னீங்களாம். அதனாலதான் நின்னேன்னு சொல்றாங்க. இல்லாட்டி குட்டியைப் பிடிக்கப் போயிருப்பாங்களாம்.”

அவள் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

காலையில் அடித்த மற்றப் புகார்களையும் அந்தந்த மெக்கானிக்குக்குப் போனிலேயே சொல்லி முடித்தாள். மதியத்துக்குள் விஷயம் ஆபீஸ் முழுக்கப் பரவிவிட்டது. நரசிம்மலு வந்து அவள் மேசைக்கு எதிரே நின்றார். அவர் செருப்புச் சத்தம் எப்போதும் முன்னால் வரும். ரைஹான் ஏற்கெனவே அவள் திரைக்கு முன் குனிந்திருந்தான். பார்த்த கணத்திலேயே அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

“பார்த்தியா தம்பி, உன்ற லினக்ஸை” என்றார் நரசிம்மலு. “மொத நாளே எழுத்தெல்லாம் கெட்டுக் கிடக்குது. ஏதோ ஒரு ஆட்டுக்குட்டியோட போச்சு. அந்தப் பொம்பளைக்கு ஏதாச்சும் ஆயிருந்தா?”

“நான் அப்பவே சொன்னேனுங்க சார்” என்றாள் ரித்திகா. “அக்காவுக்குப் பழசே நல்லா இருந்துது. நான் ஏத்திக்கறேனுங்க, எனக்கொண்ணும் கஷ்டமில்ல.”

அதை அவள் கெட்ட மனதோடு சொல்லவில்லை. ஹாரிகாவுக்கு அது தெரியும்.

“என்ற மேலதான் தப்பு சார்” என்றான் ரைஹான். “கீபோர்டு இங்கிலீஷ்ல நின்னா தெரியற மாதிரி நான் எதாச்சும் வெச்சிருக்கோணும்.”

“கீபோர்டோ கீரைக்கட்டோ. அம்மணி, அந்தப் பழைய மெஷின் ஸ்டோர்லதான் கிடக்குது. சாயங்காலத்துக்குள்ள எடுத்துப்போட்டுரலாம். உங்க மேல ஒரு வருத்தமும் இல்லீங்க. சிஸ்டம் கெட்டதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?”

எல்லோரும் அவளுக்காகக் காத்திருந்தார்கள். ‘சரிங்க’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பழைய மெஷின் வந்துவிடும். பழைய விசைகள், பழைய ஜே இஸட் இஸட் பி. பழி லினக்ஸின் மேல் நின்றுவிடும். எல்லோருக்கும் அது சௌகரியம்.

“சிஸ்டம் கெடலீங்க, சார்” என்றாள். “நான் இங்கிலீஷ்ல அடிச்சிருக்கேன். அது இங்கிலீஷ்னு சொல்லிட்டேதான் இருந்துது. எனக்குத்தான் அது தமிழாக் கேட்டுது. சிஸ்டம் தப்பு இல்லீங்க. என்ற காது தப்பு.”

நரசிம்மலுவுக்கு விளங்கவில்லை. அவள் ஒருமுறை விளக்கினாள். அவர் உம் கொட்டினார், விளங்கிய மாதிரி இல்லை.

“அப்ப பழசுதானே உங்க காதுக்குச் சரி?”

“பழசுல நான் சரியா அடிச்சாலும் தப்பா அடிச்சாலும் வெறும் இங்கிலீஷ் எழுத்தாத்தானுங்க கேக்கும். ஒரு எழுத்து மாறினா எனக்குத் தெரியும். வேற யாரு கேட்டாலும் தெரியாது. ரித்திகா மறுபடி அடிச்சா, அவ அடிச்சது எனக்குத் தெரியாது. நெகமத்துக்கு நான் என்ன அனுப்பினேன்னு எனக்கே தெரியலீங்களே, அது மறுபடி நடக்கக் கூடாதுங்க.”

“அப்ப?”

“இதுலயே இருக்கறேனுங்க. ஒரு மாத்தம் மட்டும் வேணும்.” அவள் முகத்தைத் திருப்பினாள். “ரைஹான், இது இங்கிலீஷ் படிக்கறப்ப வேற குரல்ல படிக்க முடியுமா? இந்தக் குரலே வேண்டாம். கேட்டாலே எரிச்சலா வரோணும்.”

“முடியும்க்கா.”

“மெதுவாவும் படிக்கோணும்.”

நரசிம்மலு போகத் திரும்பினார். “இந்த வாரம் பார்க்கலாமுங்க” என்றார். “இன்னொரு தரம் இப்படி ஆச்சுன்னா ரித்திகாதான்.” செருப்புச் சத்தம் போயிற்று.

ரைஹான் அங்கேயே உட்கார்ந்து மாற்றினான். இங்கிலீஷுக்குக் கட்டையான ஒரு ஆண் குரல். அவள் வேண்டுமென்றே தமிழுக்கு மாற்றாமல் ‘தண்ணி’ என்று அடித்துப் பார்த்தாள். “ஜே... இஸட்...” என்று அது இழுத்து இழுத்துப் படித்தது. பாதியிலேயே நிறுத்தினாள்.

“எப்படிங்க்கா?”

“கட்டிங் போட்டவன் பஸ் போர்டு படிக்கற மாதிரி இருக்குது. இதே இருக்கட்டும்.”

ரித்திகா சிரித்துவிட்டாள். ஹாரிகா சிரிக்கவில்லை.

நெகமத்துப் புகார் இன்னும் திறந்தே கிடந்தது. தமிழ்வேந்தன் என்ன செய்தான், என்ன ஆயிற்று என்று எழுதி மூட வேண்டும். அதை ரித்திகா எழுதட்டுமா என்று ரைஹான் கேட்டான். வேண்டாம் என்றாள். இரண்டு விசையைச் சேர்த்து அழுத்தினாள். அவளுடைய குரல், மூக்கடைத்த குரல், தமிழ் என்றது. கையை எடுத்துவிட்டு மறுபடி ஒருமுறை சரிபார்த்தாள்.

முதல் சொல்லை அடித்தாள். பழைய மெஷினாக இருந்திருந்தால் அது எம் எல்.

குரல் ‘ஆடு’ என்றது.

அவள் அடுத்த சொல்லுக்கு விரலை வைத்தாள்.